ஒரு கைப்பிடி ரப்பரும் பாட்டியோட அப்பாவும்

என் வண்டிக்கு என்னைவிட வயசு அதிகம். 1991 மாடல் டொயோட்டா. மத்த நாடுகள்ல ஹைலக்ஸ்னு கெத்தா பேரு, அமெரிக்காவுல வித்தப்ப வெறும் 'பிக்கப்'. பேர் வைக்கக்கூட சோம்பேறித்தனம் போல.

இங்க ஒஹையோவுல குளிர்காலம் முடிஞ்சா ரோடெல்லாம் குழி. ஒவ்வொரு குழிக்கும் பின்னாடி 'டணார்'னு ஒரு சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்ல ஷாக் அப்ஸார்பரை மாத்துனாங்க. பர்சும் இளைச்சுது, ஆறே மாசத்துல அதுவும் போச்சு. கடைசியில நானே டார்ச்சோட வண்டிக்கு அடியில படுத்தேன். ஆக்ஸிலுக்கு மேல, சேஸிஸ்ல இருக்க வேண்டிய பம்ப் ஸ்டாப் ஒரு பக்கம் காணவே காணோம். இன்னொரு பக்கம் வெடிச்சு, பாளம் பாளமா தொங்குது.

பம்ப் ஸ்டாப்னா வேற ஒண்ணுமில்லீங்க, ஒரு கைப்பிடி அளவு ரப்பர் கட்டை. சாதாரணமா ஓட்டும்போது அதுக்கு வேலையே கிடையாது. பாரம் ஏத்தி குழியில விழும்போது ஆக்ஸில் மேல வரும் பாருங்க, அப்ப இரும்பும் இரும்பும் மோதாம நடுவுல போய் அமுங்கும். நுனி கூம்பா இருக்குறதால முதல்ல மெத்துனு, போகப் போக கெட்டியா தாங்கும். அது இல்லேன்னா ஷாக் உள்ளுக்குள்ளேயே முட்டிச் சாகும், ஸ்ப்ரிங் பட்டையும் அளவுக்கு மீறி வளையும். நம்ம பாஷையில சொன்னா எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர். ஒழுங்கா ஓடுற வரைக்கும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

இந்தக் கட்டைக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. பச்சை ரப்பர் வெயில்ல பிசுபிசுக்கும், குளிர்ல விறைச்சு உடையும். 1839ல சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூட்டுல உருகாம உறுதியாகுறதைக் கண்டுபிடிச்சார். நூல் நூலா கிடக்குற மூலக்கூறுகளைக் கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டுடுது, அதான் விஷயம். 1844ல காப்புரிமை வாங்கியும் மனுஷன் 1860ல கடனோடதான் செத்தார். அவர் பேரை வச்ச கம்பெனி 1898ல ஆரம்பிச்சது, நான் இருக்குற இடத்துக்குப் பக்கத்துல ஆக்ரன்ல. அவருக்கும் அதுக்கும் பேரைத் தவிர சம்பந்தமே இல்ல.

ரப்பர் எங்கிருந்து வந்துச்சு? 1876ல ஹென்றி விக்கம் பிரேசில்லேர்ந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அதுல முளைச்ச கன்றுகள்ல 22 மட்டும் 1877ல சிங்கப்பூர் வந்துச்சு. அப்புறம் மலாயா பூரா ரப்பர் தோட்டம். பால் வெட்ட ஆள்? கங்காணிகள் மூலமா நம்ம ஊர்க்காரங்க. என் பாட்டியோட அப்பா அப்படித்தான் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினார். பாட்டி இன்னைக்கும் ரப்பர்னு சொல்ல மாட்டாங்க, 'பால்மரம்'னுதான் சொல்வாங்க.

1942ல ஜப்பான் மலாயாவைப் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரத்து பெரும்பாலும் நின்னு போச்சு. இங்க அவசர அவசரமா செயற்கை ரப்பர் தொழிற்சாலைகள் கட்டினாங்க, ஆக்ரன் கம்பெனிகளும் அதுல முக்கியமான பங்கு. அதே சமயம் அங்க தோட்டத்துத் தமிழர்களை சயாம் ரயில்பாதை போடப் பிடிச்சுட்டுப் போனாங்க. பல்லாயிரம் பேர் திரும்பல. பாட்டியோட அப்பாவும் திரும்பல. அப்ப பாட்டி கைக்குழந்தை.

சரி, வேலைக்கு வருவோம். பாலியூரித்தேன்ல செஞ்ச கட்டையும் கிடைக்குது. எண்ணெய் பட்டாலும் தாங்கும், ஆனா அடி கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும். கிழியாம திரும்பத் திரும்ப அமுங்குறதுல இயற்கை ரப்பரை அடிச்சுக்க ஆள் இல்ல. நான் ரப்பரே வாங்கினேன், பழைய அதே உயரத்துல. உயரம் கூடினா ஆக்ஸில் ஆடுற இடம் குறையும், சும்மா சும்மா முட்டும்.

முதல் நாள் ராத்திரியே போல்ட்டுக்குத் துரு எண்ணெய் அடிச்சு வச்சேன். மறுநாள் சேஸிஸுக்கு அடியில ஸ்டாண்ட் கொடுத்து ஆக்ஸிலைத் தொங்கவிட்டா கை போக இடம் கிடைக்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில படுக்காதீங்க மக்களே. ஒரு போல்ட் முறிஞ்சு, துளை போட்டு எடுக்க ரெண்டு மணி நேரம். துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, புதுசை மாட்டினேன். இனி வருஷம் ஒரு தடவை பார்க்கணும். காத்தும் ஓசோனும் அந்த ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டேதான் இருக்கும். வெடிப்பு தெரிஞ்சா மாத்திடணும்.

ராத்திரி வீடியோ கால்ல பாட்டிகிட்ட பழைய துண்டைக் காட்டினேன். "இத்தனூண்டு ரப்பருக்கா ஒரு நாள் லீவு போட்ட?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "தூக்கிப் போட்டுடாதடா"ன்னு மட்டும் சொன்னாங்க.

இப்ப அது என் மானிட்டருக்குப் பக்கத்துல இருக்கு. வண்டி குழியில விழுந்தா 'தொப்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.