தேன் குடிக்கும் கிளியின் கதை

சிங்கப்பூர் ஜூரோங் பறவைப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களுக்கு லாரிகீட் கிளியை நினைவிருக்கும். சின்னக் கிண்ணத்தில் தேன்நீரை ஏந்தி நின்றால், நீலத் தலையும் செம்மஞ்சள் மார்பும் பச்சை இறகுமாக வந்து தோளில் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பூங்கா 2023-இல் மண்டாய்க்கு இடம் மாறிவிட்டது. ஆனால் அந்தக் கிளியின் மேலுள்ள ஆசை நம் பால்கனிகள் வரை வந்துவிட்டது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்களே என்று முகம் சுளிப்பவர்களும் அதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

லாரி, லாரிகீட் என்ற பெயர்கள் மலாய் மொழியிலிருந்து வந்தவை. சரக்கு லாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! இந்தோனேசியத் தீவுகள், நியூகினி, ஆஸ்திரேலியா உள்ளிட்ட பகுதிகளே இந்த இனத்தின் தாயகம்.

1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் நின்றது. கப்பலில் வழிகாட்டியாக இருந்த பாலினேசியர் டுப்பாயா, அங்கே கிடைத்த ஒரு வானவில் லாரிகீட்டைச் செல்லமாக வளர்த்தார். அந்த ஆண்டின் இறுதியில் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அவர் நோயில் இறந்துபோனார். கிளி மட்டும் ஜோசப் பேங்ஸுடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1774-இல் பீட்டர் பிரவுன் என்ற ஓவியர் அதை வரைந்து வெளியிட்டார். ஆஸ்திரேலியக் கிளி ஒன்று வண்ணப்படமாக அச்சேறியது அதுவே முதல் தடவை.

நம் ஊர்க் கிளியின் கதை வேறு. சங்க காலத்தில் தினைப்புனத்தில் கிளி விரட்டுவதே பெண்களின் வேலை. பிற்காலத்தில் அதே கிளி தூது போனது. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் அழகர் கிள்ளைவிடு தூது பாடினார். மதுரையில் மீனாட்சி கையிலும் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குத் தினமும் இலைகளால் புதுக்கிளி செய்து சாத்துகிறார்கள். வீட்டுத் தாழ்வாரத்தில் கூண்டும், தெருமுனையில் கிளி ஜோசியமும் சென்ற தலைமுறைக்குச் சாதாரணம்.

1972-இன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1990-91-இல் இந்தியப் பறவைகளின் வணிகத்துக்கு வந்த முழுத் தடையும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். ஆனால் அந்தச் சட்டம் வெளிநாட்டுப் பறவைகளைப் பற்றி அப்போது பேசவில்லை. கிளி வளர்க்கும் ஆசை அந்த இடைவெளி வழியாகப் போனது. கூண்டு அப்படியே இருந்தது, உள்ளிருந்த பறவைதான் மாறியது.

தேன் குடிக்கும் கிளி நமக்கு அந்நியமும் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் 14 சென்டிமீட்டர் அளவில் ஒரு குட்டிப் பச்சைக்கிளி இருக்கிறது. வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். பூந்தேனும் பழமும்தான் உணவு. கள் பானையிலும் வாய் வைத்துவிட்டு மயங்கிக் கிடக்குமாம்! ஆங்கிலேயப் பறவையியலாளர்கள் இதையும் லாரிகீட் என்றே எழுதிவைத்தார்கள். இதையும் பிடிக்கவோ விற்கவோ கூடாது.

இனி வளர்ப்பு விஷயம். லாரிகீட்டின் நாக்கு நுனியில் தூரிகை போல இழைகள் உண்டு. பூவிலிருந்து தேனையும் மகரந்தத்தையும் வழித்தெடுக்க அது வசதி. மற்றக் கிளிகளைப் போல வெறும் தானியத்தை அரைத்துச் செரிக்க அதன் இரைப்பைக்கு வலுவில்லை. ஆகவே தினமும் தேன்கரைசல் கலக்க வேண்டும். நம் சித்திரை வெயிலில் அது சில மணி நேரத்தில் புளித்துவிடும். பறவைக்கு வயிற்று நோய் வரும், வீட்டுக்கு எறும்பு வரும். திரவ உணவு என்பதால் எச்சமும் தண்ணீராகத்தான் இருக்கும்; கூண்டைத் தாண்டிப் பீய்ச்சி அடிக்கும். கீழ் வீட்டுக் கொடியில் துணி காய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கூட்டமாக வாழும் பறவை என்பதால் குரலும் பலமாக இருக்கும். நன்றாகப் பராமரித்தால் 20 ஆண்டுக்கு மேல் வாழும். இன்று பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அவன் வேலைக்குப் போன பிறகும் கிளி நம்மிடம்தான் இருக்கும்.

சட்டமும் இப்போது பழைய மாதிரி இல்லை. 2022-இன் சட்டத் திருத்தம் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். லாரிகீட் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு கேஒய்சி கேட்பது போலத்தான். கடைக்காரரிடம் ரசீதும் பதிவு விவரமும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் வாங்காதீர்கள்.

வளர்க்க முடியவில்லை என்று கூண்டைத் திறந்துவிடுவதும் புண்ணியம் அல்ல. கூண்டிலேயே பிறந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. காக்கையும் பூனையும் விடாது. தப்பிப் பிழைத்துப் பெருகினாலும் ஆபத்துதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1960-களில் விடப்பட்ட சில லாரிகீட்டுகள் பெருகி, பழத்தோட்டங்களுக்கும் மரப்பொந்தில் வாழும் உள்ளூர்ப் பறவைகளுக்கும் தொல்லையாகிவிட்டன.

அதே நாட்டின் இன்னொரு கோடியில், கரம்பின் என்ற ஊரில் அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்பவர் பூந்தோட்டம் வைத்திருந்தார். லாரிகீட்டுகள் அவருடைய பூக்களைப் பாழாக்கின. அவர் கூண்டும் தேடவில்லை, துப்பாக்கியும் தேடவில்லை. 1947-இல் அவற்றுக்குத் தனியாகத் தேன் கலந்த தீனி வைக்க ஆரம்பித்தார். பூவும் தப்பியது, பறவையும் தப்பியது. அந்த இடம் பிறகு புகழ்பெற்ற சரணாலயமாகிவிட்டது.

நம் ஊரின் பெயரிலேயே முல்லை இருக்கிறது. நம் வளாகத்தில் நாலு செம்பருத்திச் செடி வைத்தால் தேன்சிட்டு தானாக வரும். அதற்குக் கூண்டும் வேண்டாம், பதிவும் வேண்டாம், தேன் கலக்கவும் வேண்டாம். ஏற்கெனவே லாரிகீட் வளர்ப்பவர்கள் பதிவை முடித்து, கீழ் வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசி, கடைசி வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்க நினைப்பவர்கள் முதலில் செம்பருத்தியை வைத்துப் பாருங்கள்.