லிட்டில் லீகும் பெற்றோரும்

அமெரிக்காவில் சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்புகளில் பெயர்பெற்றது லிட்டில் லீக். பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் அதைத் தொடங்கியவர் கார்ல் ஸ்டாட்ஸ். 1938இல் தம் உறவுப் பிள்ளைகள் இருவருடன் பந்து எறிந்து விளையாடியபோது, சிறுவர்களுக்கென்றே ஒரு பந்தயம் நடத்தும் எண்ணம் அவருக்கு வந்தது. பெரியவர்களின் மைதானத்தில், ஓடுபவர் தொட வேண்டிய ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி. பத்து வயதுப் பையனுக்கு அது தொலைவு. ஸ்டாட்ஸ் ஒரு பூங்காவில் செய்தித்தாள்களைப் பேஸ்களாக விரித்து, பையன்களை ஓடவும் எறியவும் விட்டு, தாள்களை முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தார். ஓடுபவனும் பந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும் தூரமாக 60 அடி அமைந்தது. அவர் செய்ததில் ஆகச் சிறந்த காரியம் இதுதான். பையன்களைப் பெரியவர்களின் அளவுக்கு இழுக்காமல், ஆட்டத்தை அவர்கள் அளவுக்குக் கொண்டுவந்தார்.

பணத்துக்கு அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். 56 இடங்களில் கைவிரித்தார்கள். அதன்பின் ஒரு பால் நிறுவனம் 30 டாலர் தந்தது. 1939 ஜூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் லண்டி லம்பர் அணி 23-8 என்ற கணக்கில் லைகோமிங் டெய்ரி அணியை வென்றது. அணிகளை நடத்த பெபிள் சகோதரர்கள் இருவர் முன்வந்தார்கள். அவர்களின் மனைவியரும் ஸ்டாட்ஸின் மனைவியும் வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. உள்ளூர் லீகுகளில் பயிற்சியாளர், ஸ்கோர் எழுதுபவர், தின்பண்டக் கடையில் நிற்பவர் எல்லோரும் பெரும்பாலும் ஆடும் பிள்ளைகளின் தாய் தந்தையரே. யாருக்கும் சம்பளம் இல்லை.

1947இல் தேசிய அளவிலான போட்டி தொடங்கியது. பெரிய நிறுவனங்களின் பணம் வந்தது, லீகும் வேகமாகப் பரவியது. வணிகம் மேலோங்குவதை ஏற்காத ஸ்டாட்ஸ், 1955இல் தாம் தொடங்கிய அமைப்பின்மீதே வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு அதிலிருந்து விலகினார். 1959 முதல் இறுதிப் போட்டிகள் பக்கத்து ஊரான தெற்கு வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கின்றன. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. மைதானத்துக்கு அப்பாலுள்ள புல்மேட்டில் குடும்பங்கள் விரிப்பு போட்டு அமர்கின்றன. சின்னப் பிள்ளைகள் அட்டைப்பெட்டித் துண்டில் உட்கார்ந்து சரிவில் சறுக்குகிறார்கள்.

பெற்றோரின் ஆர்வம் அளவு மீறுவதாகவும் குறை எழுந்தது. லிட்டில் லீகில் ஆடிப் பெரிய லீகுக்குப் போன முதல் வீரரான ஜோயி ஜே, 1965இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், மகன்களை இதில் சிக்கவைக்க வேண்டாம் என்று பெற்றோரை எச்சரித்தார். மகள்களுக்கோ அப்போது மைதானத்தின் கதவே திறக்கவில்லை. 1972இல் நியூ ஜெர்சியின் ஹோபோகனில் மரியா பெப்பே மூன்று ஆட்டங்கள் ஆடியதும், ஊர் லீகின் அங்கீகாரமே பறிபோகும் என்ற மிரட்டலால் விலக்கப்பட்டாள். அவளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு அவள் பக்கம் தீர்ந்து 1974இல் சிறுமிகளும் சேர்க்கப்பட்டார்கள். அதற்குள் அவள் வயது வரம்பைக் கடந்திருந்தாள்.

2001இல் பந்துவீச்சில் நாட்டையே வியக்கவைத்த பிரான்க்ஸ் சிறுவன் ஒருவனுக்கு வயது 12 அல்ல, 14 என்று தெரியவந்தது. பிறப்புச் சான்றில் பொய்த் தேதி இருந்தது. அணியின் வெற்றிகள் நீக்கப்பட்டன, தந்தைக்கு லீகில் ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. பழியைப் பையன்மீது போடாதது நியாயமே.

வெற்றி ஆசைக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் பிள்ளையின் முழங்கைதான். முன்பு ஒரு சிறுவன் எத்தனை இன்னிங்ஸ் வீசலாம் என்றுதான் வரம்பு இருந்தது. ஒரே இன்னிங்ஸில் எத்தனை பந்து வீசினாலும் கேட்பாரில்லை. 2007 முதல் லிட்டில் லீக் பந்துகளையே எண்ணத் தொடங்கியது. 11, 12 வயதினருக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. அதை எட்டிய பையன் எதிரே நிற்கும் மட்டையாளரை மட்டும் முடித்துவிட்டு, பந்துவீச்சை வேறொருவனிடம் விட வேண்டும்.