டிஆர்-808: வன்பொருளிலிருந்து மென்பொருளுக்கு

டிஆர்-808 ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட மின்னணு தாள இயந்திரம். டிரம் வாசிப்பவர் இல்லாமலே தாளத்தை அமைக்கவும், அதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யவும் உதவியது. மூன்றாண்டுகளில் இதன் உற்பத்தி நின்றது. ஆனால் இதன் ஒலி பிற்காலத்தில் கணினி மென்பொருளாகவும் வெளிவந்தது. மின்னணு தாளத்துக்கு வன்பொருள் ஏற்றதா, மென்பொருள் ஏற்றதா என்ற விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இக்கருவியே.

முன்னோடிகள்

வணிகமுறையில் விற்கப்பட்ட முதல் தாள இயந்திரமாகக் கருதப்படுவது அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 1959-ல் வெளியிட்ட சைட்மேன். சுழலும் தட்டு ஒன்று தொடுமுனைகளை வரிசையாகத் தொட்டு, வெற்றிடக் குழாய்ச் சுற்றுகளிலிருந்து ஒலியை எழுப்பியது. வால்ட்ஸ், டாங்கோ போன்ற ஆயத்த நடைகள் மட்டுமே அதில் இருந்தன. வேகத்தை மாற்றலாம், புதிய நடையை அமைத்துச் சேமிக்க முடியாது.

ஜப்பானில் ஏஸ் டோன் நிறுவனத்தில் டிரான்சிஸ்டர் தாள இயந்திரங்களை உருவாக்கிய இக்குதாரோ ககேஹாஷி, 1972-ல் ஒசாகாவில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1978-ல் வந்த ரோலண்ட் சிஆர்-78 கருவியில் நுண்செயலி இடம்பெற்றது. பயன்படுத்துபவர் தாமே நடையை அமைத்துச் சேமிக்க முடிந்தது.

1980: இரு வழிகள்

1980-ல் இரண்டு வேறுபட்ட தீர்வுகள் சந்தைக்கு வந்தன. அமெரிக்கரான ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1, உண்மையான டிரம் ஒலிகளைப் பதிவு செய்து நினைவகச் சில்லுகளில் வைத்திருந்தது. அதன் விலை ஏறத்தாழ 5,000 டாலர். அன்று நினைவகம் மிக விலை உயர்ந்தது. அதனால் நீண்டு ஒலிக்கும் சிம்பல் ஒலியை அதில் சேர்க்கவில்லை.

டிஆர்-808 சுமார் 1,195 டாலருக்கு விற்கப்பட்டது. அதில் பதிவு செய்த ஒலி எதுவும் இல்லை. பேஸ் டிரம் ஒலிக்காக ஓர் அலைவுச் சுற்று இருந்தது. குறுகிய மின்துடிப்பு ஒன்று அதைத் தூண்டும். தட்டிய மணி அதிர்ந்து அடங்குவதைப் போல அச்சுற்று அதிர்ந்து அடங்கும். ஹை-ஹேட், சிம்பல் ஒலிகளுக்கு ஆறு சதுர அலையியற்றிகளின் ஒலி கலந்து வடிகட்டப்பட்டது. பதினாறு பொத்தான்களை அழுத்தித் தாளத்தை அமைக்கலாம்.

இந்த ஒலி உண்மையான டிரம்மைப் போல இல்லை என்பதே அன்றைய குறை. அதுவே பிறகு அதன் தனித்தன்மையாகியது. 1982-ல் மார்வின் கேயின் 'செக்சுவல் ஹீலிங்', ஆப்பிரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' ஆகியவற்றில் இது ஒலித்தது. அதே ஆண்டு மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், இந்திய ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தொகுப்பிலும் இதைப் பயன்படுத்தினார். அப்போது கவனம் பெறாத அத்தொகுப்பு 2010-ல் மறுவெளியீடு கண்டபின் உலக அளவில் பேசப்பட்டது.

உற்பத்தி நின்றது

808-ன் ஒலிக்குப் பங்களித்த டிரான்சிஸ்டர்களில் ஒரு வகை, தரச் சோதனையில் தேறாத பழுதான டிரான்சிஸ்டர்கள். அவற்றின் இரைச்சல் வேண்டும் என்றே அவற்றை வாங்கியதாக ககேஹாஷி கூறியுள்ளார். குறைக்கடத்தித் தயாரிப்பு மேம்பட்டபோது அத்தகைய பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போயின. சுமார் 12,000 கருவிகளுடன் 1983-ல் உற்பத்தி முடிந்தது. பின்னர் ஹிப்-ஹாப், டெக்னோ இசை வளர்ந்தபோது பழைய கருவிகளின் விலை புதிதாக விற்ற விலையைத் தாண்டியது.

மென்பொருளின் வருகை

1983-ல் அறிமுகமான மிடி முறை, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளையும் கணினியையும் இணைத்தது. அப்போது கணினி தாளத்தை வரிசைப்படுத்தியது. ஒலியை எழுப்பியது வெளியே இருந்த கருவி. கணினியின் வேகம் கூடியபின் அந்த ஒலியையும் கணினியே எழுப்பத் தொடங்கியது. 1997-ல் சுவீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் வெளியிட்ட ரீபர்த் மென்பொருள், ரோலண்டின் டிபி-303, டிஆர்-808 கருவிகளைத் திரையில் பின்பற்றியது. 1999-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் விஎஸ்டி முறை இசைக்கருவிகளுக்கும் விரிவடைந்தது. மின்னணுத் தாளக்கருவி ஒரு செருகுநிரலாக இசைப்பதிவு மென்பொருளுக்குள்ளேயே இயங்கியது. பழைய 808 ஒன்றை வாங்க இயலாத மாணவருக்கும் அந்த ஒலி எட்டியது.

வேறுபாடுகள்

வன்பொருளில் ஒவ்வொரு குமிழுக்கும் ஒரே வேலை. கண் பார்க்காமலே கை அதைத் தேடிச் செல்லும். மின்சுற்றின் பாகங்கள் வெப்பத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுவதால் இரண்டு 808 கருவிகள் முற்றிலும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. ஆனால் ஒரு பாடலுக்கு அமைத்த குமிழ் நிலைகளை மறுநாள் கையாலேயே மீண்டும் அமைக்க வேண்டும்.

மென்பொருளில் எல்லா அமைப்புகளும் பாடலுடன் சேமிக்கப்படும். ஒரே பாடலில் பத்து தாள இயந்திரங்களைத் திறக்கலாம். இதன் முக்கியக் குறை தாமதம். கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகக் கணக்கிடுகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எனில், 256 மாதிரிகள் கொண்ட தொகுதிக்குச் சுமார் 6 மில்லிநொடி ஆகும். 1,024 எனில் சுமார் 23 மில்லிநொடி. விரலால் தட்டி வாசிப்பவர் இந்த இரண்டாம் அளவை உடனே உணர்வார். தாளத்தை முன்கூட்டியே எழுதி வைப்பவருக்கு இது பெரும்பாலும் தடையாவதில்லை.

இன்றைய நிலை

பிரிவுக்கோடு இன்று மங்கியுள்ளது. ரோலண்ட் 2014-ல் வெளியிட்ட டிஆர்-8 பார்வைக்கு வன்பொருள். உள்ளே ஒலி எண்முறைக் கணக்கீட்டில் உருவாகிறது. 2018-ல் அந்நிறுவனமே டிஆர்-808-ஐச் செருகுநிரலாகவும் வெளியிட்டது.

எது நீடிக்கும் என்பதில் வரலாறு எதிர்பார்ப்புக்கு மாறானது. டிரான்சிஸ்டர் கிடைக்காததால் நின்றுபோன 808-ஐ மென்பொருள் பலரிடமும் கொண்டு சேர்த்தது. ஆனால் ரீபர்த்தின் உருவாக்கம் 2005-ல் கைவிடப்பட்டது. 2010-ல் ஐபேடுக்கு வந்த அதன் வடிவம், ரோலண்ட் தன் அறிவுசார் சொத்துரிமையை முன்வைத்ததால் 2017-ல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அது பின்பற்றிய 1980-ன் பெட்டிகளோ பழுதுபார்க்கப்பட்டு இன்றும் ஒலிக்கின்றன. மென்பொருளை நகலெடுப்பது எளிது என்றாலும், இயங்குதளமும் உரிமமும் மாறும்போது அது பயனற்றுப் போகலாம். கருவி அரிதானது என்றாலும், அதைத் திறந்து சரிசெய்ய உரிமையாளரால் முடியும். விலை, வசதி ஆகியவற்றுடன் இதுவும் இசைக்கலைஞர் எடைபோட வேண்டிய ஒன்றாக உள்ளது.