சிரைவழி உட்செலுத்தல்

சிரைவழி உட்செலுத்தல் என்பது மருந்தையோ நீர்மத்தையோ உணவுப்பாதையைத் தவிர்த்து, சிரைக்குள் பொருத்தப்பட்ட மெல்லிய குழாய் மூலம் சிறிது சிறிதாகச் செலுத்தும் மருத்துவ முறையாகும். பேச்சு வழக்கில் இது "டிரிப்ஸ் ஏற்றுதல்", "சேலைன் ஏற்றுதல்" எனப்படுகின்றது. விழுங்கப்படும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்த பின்னரே உடலெங்கும் பரவும். சிரைவழி செலுத்தப்படுவது முழுமையாகவும் விரைவாகவும் குருதியில் கலக்கும். எனவே மயக்கமுற்றோருக்கும் தொடர்ந்து வாந்தி எடுப்போருக்கும் இம்முறை இன்றியமையாதது.

வரலாறு

பிரித்தானியாவில் வாந்திபேதி (காலரா) பரவியபோது, நோயாளிகளின் குருதியில் நீரும் உப்பும் குறைந்திருப்பதை வில்லியம் ஓ'ஷாக்னசி கண்டறிந்தார். அதனடிப்படையில் இசுக்கொட்லாந்து மருத்துவர் தாமசு லாட்டா 1832இல் உப்புநீரைச் சிரைவழி செலுத்தினார். அவருடைய முதல் நோயாளியான மூதாட்டி வியக்கத்தக்க வகையில் தேறினார். ஆயினும் நீரிழப்பு மீண்டும் ஏற்பட்டபோது உப்புநீர் மறுபடி செலுத்தப்படாமையால் சில மணி நேரத்தில் இறந்தார். பின்னர் சிகிச்சை பெற்றோருள் சிலர் உயிர் பிழைத்தனர். 1833இல் லாட்டா இறந்தபின் இம்முறை நெடுங்காலம் பெரிதும் கைவிடப்பட்டிருந்தது.

நீர்மங்கள்

* 0.9% உப்புநீர் (1 லீட்டரில் 9 கிராம் சோடியம் குளோரைடு)
* ரிங்கர் லாக்டேட்டு
* 5% குளுக்கோசு

சொட்டு வீதம்

நிமிடத்துக்கான சொட்டுகள் = (மில்லிலீட்டர் அளவு × 1 மில்லிலீட்டருக்கான சொட்டுகள்) ÷ நிமிடங்கள்

எடுத்துக்காட்டாக, 1 மில்லிலீட்டருக்கு 20 சொட்டுகள் தரும் குழாயில் 1 லீட்டர் நீர்மத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டுகள் விழவேண்டும். நுண்ணளவு தேவைப்படும் மருந்துகளுக்கு மின் உட்செலுத்து பம்பி பயன்படுகின்றது.

பிற வழிகள்

* தோலடி: முதியோரின் மிதமான நீரிழப்புக்கு.
* எலும்பு மச்சை: சிரை கிடைக்காத அவசர நிலையில், பெரும்பாலும் கால் முன்னெலும்பில்.
* தண்டுவடப் பாய்மம்: சில வலிநீக்கிகளும் புற்றுநோய் மருந்துகளும்.

வழி மாறினால் மருந்தே நஞ்சாகலாம். சிரைக்கு மட்டுமே உரிய வின்கிரிசுட்டின் தண்டுவடப் பாய்மத்துள் தவறிச் செலுத்தப்படின் பெரும்பாலும் மரணம் நேரும்.

இடர்கள்

விழுங்கிய மருந்தை வாந்தி மூலமேனும் ஓரளவு வெளியேற்றலாம். குருதியில் கலந்ததை அவ்வாறு மீட்க இயலாது. அளவுக்கு மிஞ்சிய நீர்மம் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். பொட்டாசியம் குளோரைடை நீர்க்காது விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடும். தொற்று, சிரை அழற்சி, குழாயினுள் காற்றுப் புகுதல் என்பன பிற இடர்களாகும். ஆகவே வாய்வழி அருந்தக்கூடிய நிலையிலுள்ளோரின் நீரிழப்புக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றது.