கராஜ் ஆங்கிலமும் வளைகுடாவும்

புலம்பெயர்வு என்றதும் நாம் பாரிசையும் ரொறன்ரோவையுமே எழுதுகிறோம். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின் வளைகுடாவுக்குப் போனவர்கள் இந்தக் கணக்கில் அதிகம் சேர்வதில்லை. அங்கே கராஜ்களில் வேலை செய்த எம்மவர் ஊரிலிருந்து ஒரு சொற்கோவையையும் கொண்டு போனார்கள்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள் நெடுங்காலம் ஓடின. ஆகவே எமது கராஜ் ஆங்கிலமும் பிரித்தானிய ஆங்கிலமே: பொனற், ரப்பெற், செல்ஃப். வாகனத்தின் நோயைச் சொல்ல அவற்றோடு தமிழ் வினையொன்றைப் பூட்டிக்கொண்டோம். செல்ஃப் எடுக்குதில்லை, எஞ்சின் மிஸ் பண்ணுது, கஸ்கெற் அடிச்சுப்போச்சு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எஞ்சின் தட்டும். அதற்கும் 'நொக் பண்ணுது' என்ற சொல் கைவசம் இருந்தது.

ஷார்ஜாவில் இறங்கினால் அரபுக்காரரும் 'செல்ஃப்' என்கிறார்கள். சாரதி 'தரேவல்'. ரயர் ஒட்டும் கடைப் பலகையில் 'பன்ஷர்'. அரபியில் 'p' ஒலி இல்லாததால் பங்ச்சர் அப்படியாயிற்று. இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப'வை வைத்திருக்கும் நாம் சிரிக்க முடியாது. இதில் அதிசயமுமில்லை. 1971 டிசம்பர் 2இல் அமீரகம் உருவாகும்வரை அங்கே பிரித்தானியரின் கைதான் ஓங்கியிருந்தது. 1966 வரை புழங்கிய பணமும் ரூபாய்தான். நாங்கள் போக முன்னரே எங்கள் சொற்களின் உறவினர் அங்கே குடியேறிவிட்டார்கள்.

உறுப்புகளின் பெயர்கள் இப்படிப் பொருந்தின. நோயின் பெயர்கள்தான் பொருந்தவில்லை. குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று கேட்டுச் சூடேற அடங்குவது பெரும்பாலும் ரப்பெற். பாரம் ஏற ஏற 'டொம் டொம்' என்று கனப்பது பெயரிங். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, கறுப்பென்றால் எரிபொருள் மிகை, வெள்ளை விடாமல் வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர். கோடை வெயில் 45 பாகையைத் தாண்டும் ஊரில் ஓவர்ஹீற் ஒன்றுக்கே பத்துக் காரணம்: மண் அடைத்த றேடியேற்றர், தேய்ந்த வோட்டர் பம்ப், ஏசியின் சுமை. இவ்வளவையும் தமிழில் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் ஆங்கிலத்தில் எஞ்சியது ஒரேயொரு சொல்: 'நொய்ஸ்'. வேலைச் சீட்டில் போர்மன் அதைத்தான் எழுதினார்.

எங்களோடு ஒரே அறையில் இருந்த ஒருவர் பொனற்றைத் திறக்காமலே, காதை வைத்து, எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடுவார். விசாவில் அவர் 'ஹெல்பர்'. அவர் சொன்னதை ஆங்கிலத்தில் எடுத்து எழுதியவர் 'மெக்கானிக்'. சம்பளமும் அந்தச் சொல்லின்படியே வந்தது. இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. விரலாலும் வாயாலும் சத்தத்தை நடித்துக் காட்டிப் பல வருடம் உழைத்த பலரை நாம் அறிவோம். அந்த நடிப்பை மலையாளியும் பட்டாணியரும் உடனே விளங்கிக்கொண்டார்கள். சீட்டில் அதற்கு இடமிருக்கவில்லை.

பின்னாளில் அவர்களில் சிலர் கனடாவுக்கு வந்தார்கள். இங்கே பொனற் 'ஹூட்' ஆகிவிட்டது, ரப்பெற் 'லிஃப்ரர்', பெற்றோல் 'காஸ்'. இருந்த ஆங்கிலத்தையும் மறுபடி படிக்க வேண்டியிருந்தது.