ஈரடுக்கு மாதிரி ராக்கெட்

ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய இரு மோட்டார்களை அடுத்தடுத்து எரித்து மேலேறும் சிறு ராக்கெட், ஈரடுக்கு மாதிரி ராக்கெட் எனப்படும். பூஸ்டர் எனப்படும் கீழடுக்கு எரிந்து முடிந்ததும் கழன்று விழ, மேலடுக்கு பற்றிக்கொண்டு பயணத்தைத் தொடரும். உச்சியை நெருங்கியதும் அதன் பாராசூட்டோ துணிநாடாவோ விரிந்து ராக்கெட்டை மெதுவாகத் தரையிறக்கும். காகிதக் குழாயே உடல். வால்சிறகுகள் பெரும்பாலும் பால்சா மரத்தில் செய்யப்படுகின்றன. மூக்குக்கூம்பு பால்சா அல்லது பிளாஸ்டிக். மாதிரி ராக்கெட் பொழுதுபோக்கு 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது. கீழடுக்கின் தீ மேலடுக்கைத் தொடுவதற்குக் கிடைப்பது ஒரு நொடியின் சிறு பகுதிதான். அந்தத் தாவலைக் காகிதமும் ஒட்டுநாடாவும் கொண்டே நம்பகமாக நிகழ்த்த முடிந்ததுதான் ஈரடுக்கு மாதிரிகளைச் சிறுவர்களின் கைக்குக் கொண்டுவந்தது.

முன்வரலாறு

ராக்கெட்டை அடுக்கும் எண்ணம் விண்வெளிப் பயணத்தைவிடப் பல நூற்றாண்டு பழமையானது. 16ஆம் நூற்றாண்டில், இன்றைய ருமேனியாவின் சிபியு நகரில் படைக்கலச் சாலைப் பொறுப்பாளராக இருந்த கோன்ராட் ஹாஸ், பல அடுக்கு ராக்கெட்டுகளைப் படங்களுடன் விளக்கும் கையெழுத்துப் பிரதி ஒன்றை எழுதினார். அந்தப் பிரதி 1961இல்தான் நகர ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. காசிமியர் சிமியனோவிச் 1650இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பீரங்கிக்கலை நூலிலும் அடுக்கு ராக்கெட்டுகளின் வரைபடங்கள் உள்ளன. இவை வாணவேடிக்கையையும் போரையும் மனத்தில் கொண்டு பிறந்தவை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த எண்ணம் விண்வெளியை நோக்கித் திரும்பியது. ராபர்ட் கோடார்ட் 1914இல் பல அடுக்கு ராக்கெட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ரஷ்யாவின் கான்ஸ்டன்டின் சியல்கோவ்ஸ்கி 1929இல் ராக்கெட் தொடர்களைப் பற்றிக் கணித விளக்கத்துடன் எழுதினார். நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில், ஜெர்மானிய வி-2 ராக்கெட்டின் தலையில் டபிள்யூஏசி கார்ப்பொரல் என்ற சிறு ராக்கெட்டைப் பொருத்தி ‘பம்ப்பர்’ என்ற ஈரடுக்கு ராக்கெட் உருவாக்கப்பட்டது. 1949 பிப்ரவரி 24 அன்று ஏவப்பட்ட பம்ப்பரின் மேலடுக்கு ஏறத்தாழ 390 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டது. அடுக்குமுறையின் பயனை உலகுக்குக் காட்டிய இந்த ஏவுதளத்திலிருந்தே, சில ஆண்டுகளுக்குப் பின், மாதிரி ராக்கெட் கலையை வளர்த்தவர்களுள் ஒருவரும் வந்தார்.

மோட்டாரின் பிறப்பு

நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் செருப்புக்கடை நடத்தியவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் தேர்ந்தவர். அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானங்களில் ஈடுபாடு. ராக்கெட்டின் கொள்கையைச் செய்துகாட்ட, 1954இல் ஆர்வில் ‘ராக்-எ-சூட்’ என்ற காகித ராக்கெட்டையும் அதற்கான மோட்டாரையும் வடிவமைத்தார். எரிந்து முடிந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகலாம் என்பதே அதன் புதுமை. ராக்கெட் பாராசூட்டில் இறங்கி மறுபடியும் பறந்தது.

ஒயிட் சாண்ட்ஸில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன், ராக்கெட் ஏவுதலின் பாதுகாப்பு குறித்து ஒரு மாத இதழில் 1957இல் கட்டுரை எழுதினார். அதைப் படித்த கார்லைல் தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தது. அமெரிக்கச் சிறுவர்கள் பலர் துத்தநாகத் தூளும் கந்தகமும் கலந்து இரும்புக் குழாயில் அடைத்து ராக்கெட் செய்யத் தொடங்கியிருந்தனர். வெடிப்புகளும் காயங்களும் நேர்ந்தன. கார்லைலின் மோட்டார் இதற்கு மாற்றாகும் என்று ஸ்டைன் கண்டார். வெடிமருந்தைக் கலப்பதும் அடைப்பதும் தொழிற்சாலையின் வேலை; ராக்கெட்டை வடிவமைத்துக் கட்டிப் பறக்கவிடுவது சிறுவரின் வேலை. டென்வரில் மாடல் மிசைல்ஸ் என்ற நிறுவனத்தை ஸ்டைன் தொடங்கினார். 1957இலேயே அவர் அமைத்த சங்கம், பின்னர் தேசிய ராக்கெட்ரி சங்கம் எனப் பெயர் பெற்றது.

கையால் அடைத்த மோட்டார்கள் தேவைக்குப் போதவில்லை. பட்டாசுத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த வெர்னான் எஸ்டஸிடம் இந்தச் சிக்கல் வந்து சேர்ந்தது. அவர் உருவாக்கி ‘மேபல்’ என்று பெயரிட்ட இயந்திரம் 1959இல் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ ஐந்தரை நொடிக்கு ஒரு மோட்டாரை அது அடைத்துத் தள்ளியது. எஸ்டஸ் நிறுவனம் 1961இல் கொலராடோவின் பென்ரோஸுக்கு இடம் மாறியது. எண்ணிக்கை பெருகியதைவிட முக்கியமானது சீர்மை. ஒவ்வொரு மோட்டாரிலும் மருந்து ஒரே அழுத்தத்தில் கெட்டியாகி, ஒரே வேகத்தில் எரிந்தது. ஈரடுக்கு ராக்கெட் சார்ந்திருப்பது இந்தச் சீர்மையைத்தான்.

தீ தாவும் முறை

சாதாரண மாதிரி ராக்கெட் மோட்டார், தடித்த காகித உறைக்குள் கீழிருந்து மேலாக நான்கு பகுதிகள் கொண்டது: களிமண்ணாலான நாசில் (வாயு வெளியேறும் வாய்), உந்துமருந்து, தாமத மருந்து, வெளித்தள்ளும் மருந்து. உந்துமருந்து என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கரிமருந்து. அது எரிந்து தீர்ந்தபின் தாமத மருந்து புகைவிட்டபடி மெல்ல எரியும். ராக்கெட் உந்துதலின்றி உயரே செல்லும். கடைசியில் வெளித்தள்ளும் மருந்து வெடித்து, மூக்குக்கூம்பையும் பாராசூட்டையும் வெளியே தள்ளும்.

பூஸ்டர் மோட்டாரில் கடைசி இரண்டும் இல்லை. தீ நாசில் பக்கமிருந்து முன்னோக்கி நகர்கிறது. எஞ்சியிருக்கும் மருந்து மெல்லிய தகடாகும்போது, உள்ளிருக்கும் அழுத்தம் அதை உடைத்துவிடுகிறது. சுடுவாயுவும் எரியும் துகள்களும் முன்புறமாகச் சீறி, மேல் மோட்டாரின் நாசிலுக்குள் புகுந்து அதைப் பற்றவைக்கின்றன. மேலடுக்குக்குத் தனித் திரியோ மின்கம்பியோ வேண்டியதில்லை.

மோட்டாரின் பெயரிலேயே இது அடங்கியிருக்கிறது. சி6-0 என்பதில் ‘சி’ மொத்தக் கணத்தாக்கின் (உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவின்) வகை, அதாவது 5.01 முதல் 10.00 நியூட்டன்-நொடி வரை. அடுத்த எழுத்துக்குப் போகும்போது இந்த மேல்வரம்பு இரட்டிக்கும். ‘6’ சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி எண் தாமதத்தின் நொடிகள். அந்த இடத்தில் பூஜ்ஜியம் இருந்தால் அது பூஸ்டர். சி6-0 கீழே, சி6-7 மேலே என்பது வழக்கமான இணை. மேலடுக்கு ஏற்கெனவே பெற்ற வேகத்தோடு புறப்படுவதால் அதற்கு நீண்ட தாமதம் தேவை. தாமதம் குறைவாக இருந்தால், ராக்கெட் இன்னும் விரைந்துகொண்டிருக்கும்போதே பாராசூட் விரிந்து கிழிந்துபோகும்.

நேரடி அடுக்குமுறையில் இரு மோட்டார்களும் ஒன்றையொன்று தொட்டிருக்கும். இணைப்பைச் சுற்றி ஒரு சுற்று செலோடேப் ஒட்டப்படும். பூஸ்டரின் வெடிப்பு, மேல் மோட்டார் பற்றுமுன் அடுக்குகளைப் பிரித்துவிடாமல் இந்த நாடா பிடித்துவைக்கிறது. மேல் மோட்டார் எரியத் தொடங்கியதும் அதன் அழுத்தமே நாடாவை அறுத்து பூஸ்டரை விடுவிக்கிறது. நீண்ட பூஸ்டர்களில் இரு மோட்டார்களுக்கும் இடையே வெற்றுக் குழாய் இருக்கும். அதில் அடைபட்ட காற்று நசுங்கி, தீ வந்து சேருமுன் அடுக்குகளைத் தள்ளிப் பிரித்துவிடும். ஆகவே குழாயின் மேல்முனை அருகே காற்று வெளியேறத் துளைகள் இடப்படுகின்றன. இதை இடைவெளி அடுக்குமுறை என்பர்.

நிலைத்தன்மை

வாணவெடியின் நீண்ட குச்சி செய்யும் வேலையை மாதிரி ராக்கெட்டில் வால்சிறகுகள் செய்கின்றன. ராக்கெட்டின் ஈர்ப்பு மையம், காற்றழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது உடற்குழாயின் ஒரு விட்ட அளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. ஈரடுக்கில் இரண்டு மோட்டார்களின் எடையும் வால்பக்கம் சேர்வதால் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்கிறது. அதை ஈடுகட்ட பூஸ்டரின் சிறகுகள் மேலடுக்கின் சிறகுகளைவிடப் பெரியவையாக அமைகின்றன. பூஸ்டர் கழன்றபின் மேலடுக்கு தனித்தும் நிலையாகப் பறக்க வேண்டும். எனவே முழு ராக்கெட்டையும் மேலடுக்கையும் தனித்தனியாகச் சோதிப்பது முறை.

தொடக்க காலத்தில், ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பார்ப்பார்கள். மூக்கு முன்னோக்கியே சென்றால் அது நிலையானது. நாசாவின் கோடார்ட் மையப் பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன், காற்றழுத்த மையத்தைக் கணக்கிடும் எளிய சமன்பாடுகளை 1966இல் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் போட்டியில் ஆய்வாக முன்வைத்தார். பள்ளி மாணவரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய அந்தக் கணக்கு, கட்டுமுன்பே ஈரடுக்கு வடிவத்தைச் சரிபார்க்க வழிசெய்தது. இன்றைய கணினி வடிவமைப்பு மென்பொருள்களும் அதன் அடிப்படையிலேயே இயங்குகின்றன.

பூஸ்டருக்கு வழக்கமாகப் பாராசூட் இல்லை. குட்டையாகவும் இலேசாகவும் செய்யப்படுவதால், தனியானதும் நிலைகுலைந்து புரண்டு புரண்டு விழும். காற்றுத்தடையே வேகத்தைக் குறைத்துவிடும்.

பரவல்

எஸ்டஸ் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியல்களில் 1960களின் தொடக்கத்திலேயே பூஸ்டர் மோட்டார்களும் ‘ஆஸ்ட்ரான் அப்போஜி’ போன்ற ஈரடுக்கு ராக்கெட் தொகுப்புகளும் இடம்பெற்றன. அடுக்குமுறையை விளக்கும் தொழில்நுட்பக் கையேட்டையும் நிறுவனம் அச்சிட்டது. ஸ்டைன் எழுதி 1965இல் வெளிவந்த மாதிரி ராக்கெட் கையேடு, இக்கலையின் பாடநூலாகப் பல பதிப்புகள் கண்டது.

அடுக்கின் பயன் உயரம் மட்டுமல்ல. எஸ்டஸ் 1970இல் அறிமுகப்படுத்திய ‘சினிராக்’ என்ற சிறு திரைப்படக் கேமராவைச் சுமக்க, டி வகை மோட்டார்களில் பறக்கும் ‘ஒமேகா’ என்ற ஈரடுக்கு ராக்கெட் உருவானது. கேமரா கண்ணாடி ஒன்றின் வழியாகக் கீழ்நோக்கிப் பார்த்ததால், பூஸ்டர் கழன்று விலகும் காட்சி படச்சுருளில் பதிந்தது. 1980களில் வந்த ‘கொமாஞ்சி-3’, டி12-0, சி6-0, சி6-7 என மூன்று அடுக்காகப் பறந்தது.

கட்டுதலும் ஏவுதலும்

வால்சிறகுகளை, மரநார் குழாயின் நீளவாக்கில் ஓடாமல் சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓடுமாறு வெட்டுகிறார்கள். நார் குழாய்க்கு இணையாக ஓடினால் சிறகு எளிதில் ஒடியும். மேலடுக்கின் மோட்டார் இறுக்கமாகப் பொருந்த வேண்டும்; தளர்ந்திருந்தால் வெளித்தள்ளும் மருந்து பாராசூட்டை விட்டுவிட்டு மோட்டாரையே பின்னால் தள்ளிவிடும். தீப்பற்றாத தாள் மேலடுக்கில் பாராசூட்டுக்குக் கீழே மட்டுமே வைக்கப்படுகிறது. மோட்டார்களுக்கு இடையே எதுவும் இருக்கக் கூடாது.

ஏவுகம்பி சுமார் 90 செ.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன். மின்பற்றி கீழ் மோட்டாரின் நாசிலில் மட்டும் செருகப்படும். தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, டி வகைவரையான மோட்டார்களுக்கு அனைவரும் குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும். காற்று மணிக்கு 20 மைலுக்கு மிகக் கூடாது. ஏவுகோணம் செங்குத்திலிருந்து 30 பாகைக்குள் இருக்க வேண்டும். எடை 1,500 கிராமுக்கு மேற்படக் கூடாது.

ஈரடுக்கில் காற்றும் சாய்வும் கூடுதல் கவனம் கேட்பவை. பூஸ்டர் வலுவற்றதாக இருந்தால் ராக்கெட் மெதுவாகக் கம்பியை விட்டு விலகிக் காற்று வரும் திசையில் சாயும். அப்போது மேலடுக்கு எரிந்தால் உயரத்துக்குப் பதில் கிடைமட்டமாகப் பாயும். அதனால்தான் தொடக்க உந்துவிசை மிகுந்த மோட்டாரையே கீழே வைக்கிறார்கள். முதல் பறப்புக்குக் கணத்தாக்குக் குறைந்த இணைகளைத் தேர்கிறார்கள்.

போட்டிகள்

மாதிரி ராக்கெட்டுகளுக்கான முதல் உலகப் போட்டி, பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் கீழ் 1972இல் யூகோஸ்லாவியாவின் விர்ஷாட்ஸ் நகரில் நடந்தது. உயரப் போட்டியில் ஈரடுக்கு வடிவங்கள் நிலைபெற்றன. மொத்தக் கணத்தாக்குக்கு வரம்பு உண்டு. அதை இரு மோட்டார்களுக்குப் பகிர்ந்து, பருத்த கீழடுக்கை விரைவில் உதிர்த்துவிட்டு, மெல்லிய மேலடுக்கை மட்டும் அனுப்புவதில் ஆதாயம் இருக்கிறது. உண்மை ராக்கெட்டுகளின் துல்லிய உருவங்களைப் பறக்கவிடும் பிரிவில் சோயுஸ், சாட்டர்ன் 1பி ஆகியவை அடுக்கு பிரியும் காட்சியோடு மதிப்பெண் பெறுகின்றன.

மின்னணுப் பற்றவைப்பு

1980களில் ஏரோடெக் போன்ற நிறுவனங்கள் அம்மோனியம் பெர்குளோரேட் கலவை மோட்டார்களைப் பரவலாக்கின. ஒரே எடைக்குக் கரிமருந்தைவிட மிகுந்த கணத்தாக்கு தரும் இக்கலவை, பூஸ்டரிலிருந்து பாயும் தீயில் எளிதில் பற்றாது. ஆகவே நேரங்காட்டிச் சுற்றுகள், முடுக்கமானிகள், காற்றழுத்த உயரமானிகள் ஆகியவை மேலடுக்குக்குத் தீமூட்டும் பொறுப்பை ஏற்றன. இதனால் புதிய சுதந்திரமும் கிடைத்தது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், பூஸ்டர் அணைந்தவுடன் அல்லாமல், சிறிது நேரம் மிதந்து அடர்த்தி குறைந்த காற்றை அடைந்தபின் மேலடுக்கை எரிப்பது பல வேளைகளில் கூடுதல் உயரம் தரும். கரிமருந்து முறையில் அந்தத் தாமதத்துக்கு இடமில்லை. ராக்கெட் குறித்த அளவுக்கு மேல் சாய்ந்திருந்தால், அல்லது எதிர்பார்த்த உயரத்தை எட்டாவிட்டால் தீமூட்டலைத் தடுக்கும் கருவிகளும் இப்போது பயன்படுகின்றன.

இக்கலவையை வெடிபொருளாகக் கருதி அமெரிக்க அரசு விதித்த கட்டுப்பாட்டை ராக்கெட் சங்கங்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தன. 2009 மார்ச்சில் தீர்ப்பு சங்கங்களுக்குச் சாதகமாக வந்தது. பெரிய ராக்கெட்டுகளில் மின்னணு முறையே இன்று வழக்கம். சிறு மாதிரிகளிலோ கரிமருந்து பூஸ்டரும் ஒரு சுற்று செலோடேப்பும் இன்னும் இடம் இழக்கவில்லை. அங்கே மின்கலமும் சுற்றுப்பலகையும் சேர்க்கும் எடை, அவை தரும் ஆதாயத்தைவிடப் பெரியது.