தளர்வதும் இதயத்தின் வேலைதான்



மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று என் துணைவியார் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "வயசாச்சுல்ல" என்று தட்டிக் கழித்தவன் நான். போன மாதம் எக்கோ எடுத்தோம். 'பம்பிங் நார்மல், ரிலாக்சேஷன் குறைவு' என்று வந்தது. ரத்தத்தில் சி.ஆர்.பி. கொஞ்சம் கூடுதல். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1930-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியாவை ஆராய்ந்தார்கள். அந்தக் கிருமியிலிருந்து பிரித்த 'சி' என்ற பொருளை நோயாளியின் சீரத்தில் கலந்தபோது படிவு உண்டானது. நோய் தீர்ந்தபின் அதே ஆளின் சீரத்தில் படிவு இல்லை. வாதக் காய்ச்சல் போன்ற வேறு நோய்களிலும் இந்தப் படிவு வந்தது. 'சி'யோடு வினைபுரிவதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர். உடலில் எங்கே அழற்சி என்றாலும் கல்லீரல் இதைக் கூடுதலாகச் சுரக்கும். தூரத்தில் தெரியும் புகை மாதிரி. ஏதோ எரிகிறது என்று தெரியும். எந்த வீடு என்று தெரியாது.

அடுத்து இதயம். 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடும் மீயொலிக் கருவியால் துடிக்கும் இதயத்தைப் பதிவு செய்தார்கள். அதுதான் எக்கோவின் தொடக்கம். ஆனால் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதற்கே வெகுகாலம் முதலிடம். தளர்ந்து விரிந்தால்தானே உள்ளே ரத்தம் நிரம்பும்? அந்தத் தளர்வும் சும்மா நடப்பதில்லை. சுருங்குவதற்காகச் செல்லுக்குள் வந்த கால்சியத்தைத் திரும்ப ஏற்றி வைக்கச் சக்தி செலவாகிறது. இதயச் சுவர் விறைத்துவிட்டால் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகும்; மூச்சு வாங்கும். 1980-களில் டாப்ளர் முறை பரவிய பிறகே இதை எளிதாக அளக்க முடிந்தது.

இரண்டு கதைகளும் பின்னால்தான் சந்தித்தன. 1997-இல் பாஸ்டனில் ரிட்கர் குழுவினர், நலமாயிருந்த ஆண் மருத்துவர்களிடம் முன்பே எடுத்துச் சேமித்த ரத்தத்தைச் சோதித்தார்கள். சி.ஆர்.பி. மிகுந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, குறைந்தவர்களைப் போல ஏறக்குறைய 3 மடங்கு. 2013-இல் பவுலஸ், ஷோப்பே இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். உடல் பருமன், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவை உடலெங்கும் மெல்லிய அழற்சியை மூட்டுகின்றன. அது இதயத்தின் நுண்குழாய்களைப் பாதித்து, தசையை விறைக்க வைக்கிறது என்றார்கள். ஆய்வு இன்னும் தொடர்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். சி.ஆர்.பி.யை மட்டும் வைத்து இதயத்தை எடைபோட முடியாது. சளிக் காய்ச்சலுக்கும் ஈறு வீக்கத்துக்கும்கூட அது ஏறும். 'பம்பிங் நார்மல்' என்ற வரியோடு ரிப்போர்ட்டை மூடிவைக்கவும் வேண்டாம். இதயம் செயலிழக்கும் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பம்பிங் சரியாகவே இருக்கிறது.

இப்போது தினமும் மாலையில் இருவரும் நடக்கிறோம். பிரஷர் மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.